கழுத்தை வளைக்கும் பிடி

அடியும் உதையும் கண்ணுக்குத் தெரிவன. ஆதலால் அவற்றுக்கு நாம் அஞ்சுகிறோம். கழுத்தைப் பின்னின்று வளைக்கும் பிடியோ பார்வைக்கு ஓர் அணைப்பைப் போன்றது. பள்ளி முற்றத்தில் ஒரு பையன் மற்றொருவனை அவ்வாறு பிடித்துச் சிரித்துக்கொண்டு நிற்பானாயின், பெரியவர்களும் விளையாட்டென்றே எண்ணிக் கடந்து போவர். யூடோவும் மல்யுத்தமும் பயில விரும்பும் மாணவரும் அவர்தம் பெற்றோரும் இப்பிடியின் இயல்பை அறிந்திருத்தல் நன்று.

யிகோரோ கானோ என்னும் யப்பானியப் பேராசிரியர் 1882ஆம் ஆண்டில் டோக்கியோவில் கோடோகன் என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவி யூடோவை வகுத்தார். பழைய யுயுற்சுக் கலையிலிருந்த ஆபத்தான பிடிகள் பலவற்றை விலக்கிய அவர், கழுத்தை நெரிக்கும் பிடிகளை விலக்கவில்லை. ‘ஹடக்கா ஜிமே’ என்பது அவற்றுள் ஒன்று. பின்னின்று ஒருவன் தன் கையை எதிராளியின் மோவாயின் கீழே செலுத்தி, முழங்கை மடிப்பு தொண்டைக்கு நேரே அமையுமாறு வளைத்து இறுக்குவான். ஒரு புறம் மேற்கையும் மறுபுறம் முன்கையுமாகக் கழுத்தின் இரு பக்கங்களும் நசுங்கும்.

மூச்சு அடைபடுவதால்தான் மயக்கம் வருகிறதென்று பலர் கருதுகின்றனர். செம்மையாக இட்ட பிடியில் அவ்வாறன்று. கழுத்தின் இருமருங்கிலும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருநாடிகள் உள்ளன. அவை அமுக்கப்படின் பத்து விநாடி அளவில் அறிவு நீங்கிவிடும். தொண்டைக் குழலை நேரே நசுக்கும் பிடி வேறு. அது பெருவலி தருவது, குரல்வளையின் குருத்தெலும்பை முறிக்கவும் வல்லது. ஆயின் வலியற்ற பிடியே மனிதனை ஏமாற்றுவது. காது இரையும், கண் மங்கும், உடல் இலேசாவது போலத் தோன்றும். “இன்னுஞ் சிறிது பொறுப்போம்” என்று வீரம் பேசும் இளைஞன் அச்சொல்லை எண்ணி முடிக்குமுன் மயங்கிக் கிடப்பான்.

ஆகவே தற்காப்பென்பது விநாடிக் கணக்கு. எதிராளியின் கை கழுத்தை அணுகும்போதே மோவாயை நெஞ்சோடு தாழ்த்தித் தோள்களை உயர்த்திவிட வேண்டும். இரு கைகளாலும் அவனுடைய ஒரு கையின் மணிக்கட்டைப் பற்றிக் கீழே இழுக்க வேண்டும். ஒரு கைக்கு ஒரு கை போதாது. அவன் மற்றக் கையைத் தலையின் பின்னே வைத்துப் பூட்டிவிட்டானாயின், பூட்டும் அக்கையையே முதலில் பெயர்க்க முயலல் வேண்டும். பின் முதுகை அவன் மார்பினின்றும் நழுவச் செய்து, அவனை முகம் நோக்கித் திரும்புதல் முறை. மோவாயைத் தாழ்த்துவது காலம் தேடித் தருமேயன்றி விடுதலை தராது. பலசாலி தாடையின் மீதே அழுத்தி மோவாயை நிமிர்த்திவிடுவான். தாள் படித்து இதைக் கற்க இயலாது; ஆசிரியர் முன்னிலையில் மெல்ல மெல்லப் பயில்வதொன்றே வழி.

இவையெல்லாவற்றிலும் சிறந்த காப்பு, தோல்வியை ஒப்புக்கொள்வதென்பது எம் கருத்து. எதிராளியின் உடலிலோ தரையிலோ இருமுறை தட்டினால் போதும். கை கட்டுண்டால் காலால் தட்டலாம். ‘மைத்தா’ என்று வாயாற் சொல்லவும் செய்யலாம். பிடித்தவன் அக்கணமே விட்டுவிடக் கடமைப்பட்டவன்.

கொய்வாய் என்னும் அமெரிக்க வைத்தியர் 1987இல் எழுதிய கட்டுரையில், யூடோ தோன்றிய காலந்தொட்டு அவ்விளையாட்டில் இப்பிடியால் மரணம் நேர்ந்ததாக அறிவிக்கப்படவில்லை என்றார். தட்டினால் விடுவதும், நடுவர் கண்காணிப்பதும், பயிற்சியுமே இதற்குக் காரணமென நாம் கொள்ளலாம். இக்காவல்கள் இல்லாத இடத்தில் நிலைமை வேறு. நியூயோர்க் நகரப் பொலிசாருக்குக் கழுத்துப் பிடி 1993இலேயே விதியால் தடுக்கப்பட்டிருந்தது. அவ்வாறிருந்தும் 2014இல் எரிக் கார்னர் என்பவர் பொலிசாரின் பிடியில் மூச்சுவிட இயலவில்லை என்று பலமுறை கூறியும் உயிரிழந்தார். தெருவிலே தட்டுவதற்கு மதிப்பில்லை. நடுவரில்லாத பள்ளி முற்றமும் அத்தகையதே. யப்பானிலும் தொடக்கப்பள்ளிச் சிறுவர் போட்டிகளில் இப்பிடிகளுக்கு இடமில்லை.

பயிற்சியின்போது ஒருவன் மயங்கினால், பிடியை விட்டு மல்லாக்கக் கிடத்திக் கால்களைச் சிறிது உயர்த்துக. பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் கண் விழிப்பான். உடனே எழுப்பி நிறுத்துவதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் கூடா. விழிக்கவில்லையாயின், அல்லது மூச்சில்லையாயின், ஒரு நொடியும் தாமதியாது வைத்திய உதவியை நாடுக. அன்றைய பயிற்சி அவனுக்கு அத்துடன் முடிந்தது. குரல் கம்முதல், விழுங்க நோதல், கழுத்தின் ஒரு புறத்தில் வலி, கடுந் தலையிடி, கை கால் சோர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஏதேனும் சில நாட் கழித்துத் தோன்றினாலும், நாடியின் உட்சுவர் கிழிந்திருக்கக்கூடும். கழுத்திற் பிடிபட்ட செய்தியை மறையாமல் வைத்தியரிடம் கூற வேண்டும்.