சைக்கிள் ஆசை காட்டினால் பாடம் பதியுமா?

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில், திருகோணமலைக் கரையோரம் திரியாயிலும் குச்சவெளியிலும் புல்மோட்டை வீதியோரத்து மற்றக் கிராமங்களிலும் பெற்றோர் வாயில் அடிக்கடி வருகிற வாக்குறுதி இது: "வெட்டுப்புள்ளிக்கு மேலே எடு, சைக்கிள் வாங்கித் தாறன்." முன்பு இது வெறும் ஆசை காட்டலாக இருந்தது. இப்போது அதற்கு விஞ்ஞானச் சாயம் பூசியாகிவிட்டது. பரிசு என்றதும் மூளையில் டோபமின் என்கிற இன்பச் சுரப்பு ஊறுமாம், அது ஊறினால் படித்தது அழியாதாம். அதிர்ச்சியும் அப்படித்தானாம், திடுக்கிட்ட காட்சி சாகும்வரை அச்சுப்போல் நிற்குமாம். யூரியூப்பிலும் பெற்றோர் கூட்டங்களிலும் கேட்கிற இந்தப் பேச்சு முழுப் பொய் இல்லை. அதனால்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டோபமினை இன்பச் சுரப்பு என்பது முதற் பிழை. அமெரிக்க ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் எலிகளின் மூளையில் டோபமினை ஏறத்தாழ முற்றாக அழித்துப் பார்த்தார். நாக்கில் இனிப்பு பட்டபோது அந்த எலிகள் முன்போலவே சுவைத்து முகம் காட்டின. தேடிப்போய்த் தின்னும் ஆவல்தான் அற்றுப்போயிருந்தது.

டோபமின் வேறென்ன செய்கிறது என்பதைக் காட்டியவர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். குரங்குகளின் நடுமூளை நரம்பணுக்களை அவர் பதிவு செய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அணுக்கள் துடித்தன. சைகை ஒன்று தெரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகியபின் துடிப்பு சைகைக்கு இடம் மாறியது. சாறு வாயில் விழுந்தபோது அசைவே இல்லை. சைகை வந்தும் சாறு வராதபோது, அது வந்திருக்க வேண்டிய நொடியில் வழமையான துடிப்பும் அடங்கியது. பீட்டர் டயான், ரீட் மொன்டேகு ஆகியோரோடு 1997இல் அவர் எழுதிய கட்டுரை இதற்குக் கணித விளக்கம் தந்தது: இந்த அணுக்கள் அறிவிப்பது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. குரங்கின் அணுவில் கண்டதை ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையின் படிப்பில் அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் மாதக்கணக்காக நாள்தோறும் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன ஒரு சைக்கிளில் வியப்புக்கு எவ்வளவு மிச்சம் இருக்கும்?

"பரிசு நினைவைக் கூட்டும் என்று ஆய்வே சொல்கிறதே" என்பார்கள். சொல்கிறது. 2006இல் அலிசன் அட்கொக் குழுவினர் படங்களைக் காட்டி, நினைவில் வைத்தால் சிலவற்றுக்கு 5 டொலர், சிலவற்றுக்கு 10 சதம் என்றார்கள். மறுநாள் சோதித்தபோது 5 டொலர்ப் படங்களே கூடுதலாக நினைவில் நின்றன. படம் வருவதற்கு முன்பே, பரிசுத்தொகை தெரிந்த அந்த இடைவெளியில், டோபமின் பகுதியும் நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸும் சேர்ந்து விழித்துக்கொண்டிருந்தன. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பரிசு ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக, படம் தோன்றச் சில வினாடிகளுக்கு முன் சொல்லப்பட்டது. நம் வீட்டில் ஒரு சைக்கிள், முழுப் பாடத்திட்டத்துக்கும் சேர்த்து, ஆறு மாதம் கழித்து! இரண்டையும் ஒன்றென்பது வியாபாரப் பேச்சு.

இதைவிட முக்கியமான ஒரு கண்டுபிடிப்பை இந்தப் பேச்சாளர்கள் தொடுவதே இல்லை. கோ முராயமாவும் கிறிஸ்டோஃப் கூபாண்ட்னரும் 2011இல் பொது அறிவுத் தகவல்களைச் சுவையானவை, சலிப்பானவை என்று பிரித்துப் பணத்தின் வேலையைச் சோதித்தார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு, சலிப்பான தகவல்களில் மட்டுமே பணம் உதவியிருந்தது. சுவையானவை பணமில்லாமலே நின்றன. ஆகவே பெருக்கல் வாய்பாட்டுக்குச் சின்னப் பரிசு கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. பிள்ளை தானாகவே தேடி ஓடுகிற பாடத்துக்கும் கூலி பேசுவதுதான் வீண்.

வீண் என்பதோடு போனாலும் பரவாயில்லை. மார்க் லெப்பரும் சகாக்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் விருப்பமுள்ள பாலர் பாடசாலைப் பிள்ளைகள் சிலரிடம் வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டிச் சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் வரைந்தபின் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, வாக்குறுதி பெற்றவர்கள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதி. சொல்லாமல் பெற்றவர்களின் விருப்பம் குறையவில்லை.

அதிர்ச்சிக்கு வருவோம். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்ததைத் திருகோணமலைக் கரையில் யாரும் மறக்கவில்லை. 1985இல் போரில் திரியாய் எரிந்து ஊர் இடம்பெயர்ந்ததையும் மூத்தவர்கள் மறக்கவில்லை. நிகழ்வு நிற்கும், அது உண்மை. விபரங்கள் அச்சுப்போல் நிற்கும் என்பது பிழை. 1986இல் சலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாளே உல்ரிக் நைசர் தம் மாணவர்களிடம் செய்தியை எங்கே, எப்படி அறிந்தார்கள் என்று எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களையே மீண்டும் கேட்டபோது பலரின் கதை மாறியிருந்தது, ஆனால் உறுதி மாறவில்லை. சிலர் தம் கையெழுத்தைக் காட்டிய பிறகும் ஒப்பவில்லை. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பின் தலாரிக்கோவும் ரூபினும் செய்த ஆய்விலும், அந்த நாளின் நினைவு சாதாரண நாளின் நினைவைப் போலவே தளர்ந்தது. தெளிவாக நினைவிருக்கிறது என்ற எண்ணம் மட்டும் தளரவில்லை. இது வகுப்பறைக்கு அப்பாலும் உறைக்க வேண்டிய செய்தி. போரில் எல்லாம் இழந்த ஒருவர் இரண்டாம் முறை சொல்லும்போது நேரமோ ஆட்களின் எண்ணிக்கையோ மாறினால், அதை வைத்தே அவர் பொய் சொல்கிறார் என்று தீர்ப்பளிப்பவர்கள் மனித நினைவை அறியாதவர்கள்.

ஆக, பிள்ளையை வெருட்டினால் பாடம் பதியும் என்பதற்கு இங்கே ஆதாரமில்லை. மென்மையான வியப்புக்கு ஆதாரம் உண்டு. ஆர்ஜென்டினாவில் ஃபப்ரிசியோ பல்லரினி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு கதையை வாசித்துக் காட்டினார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ, கதைக்குச் சம்பந்தமில்லாத, முன் அனுபவித்திராத ஒரு விஞ்ஞான அல்லது இசைப் பாடம். மறுநாள் அந்தப் பிள்ளைகளுக்குக் கதை கூடுதலாக நினைவிருந்தது. இடைவெளி நான்கு மணி நேரமானால் பயனில்லை. ஏற்கெனவே பழகிய பாடமென்றாலும் பயனில்லை.

இத்தகைய வியப்புக்குச் செலவு எதுவும் கிடையாது. திரியாய்க் குன்றில் கிரிகண்டி சைத்தியம் இருக்கிறது. அங்கே கூட்டிப்போகுமுன், பாறையில் வெட்டியிருப்பது எந்த மொழி என்று ஊகித்து எழுதச் சொல்லுங்கள். தமிழ் என்றும் சிங்களம் என்றும் எழுதுவார்கள். பிறகு காட்டுங்கள்: மொழி சமஸ்கிருதம், எழுத்து தென்னிந்தியக் கிரந்தம், அதில் வருவது திரபுசகர், வல்லிகர் என்ற வணிகர்களின் பெயர்கள்.

பிள்ளைகளின் ஊகம் பிழைத்தால் கவலை வேண்டாம். பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001இல் காட்டியதுபோல, மிக உறுதியோடு சொன்ன பிழைகளே திருத்தியபின் எளிதாக மாறுகின்றன. ஆசிரியர்களே, மாதிரி வினாத்தாளைத் திருத்தும்போது சிவப்புப் புள்ளடி போட்டுக் கடந்துவிடாதீர்கள். பிள்ளை அடித்துச் சொல்லிப் பிழைத்த கேள்விகளில் நின்று, ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்டு, உடனேயே சரியான விடையைச் சொல்லுங்கள்.