கோவை விமானமும் 200 அடி இடைவெளியும்

நீலகிரியில் விமான நிலையம் கிடையாது. உம்ராவுக்கோ வளைகுடா வேலைக்கோ புறப்படும் ஊட்டி, குன்னூர்க்காரர்கள் பலரும் மலையிறங்கிக் கோவையில்தான் விமானம் ஏறுகிறார்கள். அந்தக் கோவையிலிருந்து 2018 ஜூலை 10 அன்று ஹைதராபாத்துக்குப் போன இண்டிகோ விமானம், பெங்களூரு வான்பகுதியில், கொச்சிக்குச் சென்ற அதே நிறுவனத்தின் மற்றொரு விமானத்தை நெருங்கியது. உயர இடைவெளி 200 அடிதான். இரண்டிலும் சேர்த்து 300க்கும் அதிகமான பயணிகள். விமானங்களிலிருந்த டிசிஏஎஸ் என்னும் மோதல் தவிர்ப்புக் கருவி எச்சரித்ததால் விமானிகள் விலகிச் சென்றனர்.

இக்கருவி தரைக்கட்டுப்பாட்டை நம்பி இருப்பதில்லை. அருகிலுள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டருக்குத் தானே சமிக்ஞை அனுப்பி, பதிலிலிருந்து தூரத்தையும் உயரத்தையும் கணக்கிடுகிறது. மோதலுக்குச் சுமார் அரை நிமிடம் இருக்கும்போது ஒரு விமானியிடம் 'மேலேறு' என்றும், மற்றவரிடம் 'கீழிறங்கு' என்றும் குரலில் சொல்கிறது. இரு கருவிகளும் தமக்குள் பேசிக்கொள்வதால் இருவருக்கும் ஒரே உத்தரவு போகாது.

இந்தியா இதைக் கட்டாயமாக்கியது பெரும் விலை கொடுத்த பிறகே. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்கி தாத்ரி வானில் சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தனர். சவூதி விமானத்தில் இருந்தவர்களில் பலர் பிழைப்புக்காகப் போன இந்தியத் தொழிலாளர்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியிருந்தது.

கருவி இருந்தாலும் அதன் சொல்லைக் கேட்க வேண்டுமே! 2002 ஜூலையில் ஜெர்மனியின் யூபர்லிங்கன் வானில் ரஷ்ய விமானிகளிடம் கருவி மேலேறச் சொன்னது. தரைக்கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். இறங்கினார்கள். எதிரே வந்த சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் இறந்தனர். இரண்டு உத்தரவுகளும் முரண்பட்டால் கருவியின் உத்தரவே செல்லும் என்ற விதி அதன் பிறகுதான் உலகெங்கும் தெளிவாக்கப்பட்டது.

குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் 2021 டிசம்பர் 8 அன்று ஜெனரல் பிபின் ராவத் உள்ளிட்டோர் சென்ற ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தது வேறு வகை. பள்ளத்தாக்கில் திடீரென மாறிய வானிலையால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைய, விமானி திசையுணர்வு இழந்தார் என்றது விசாரணைக் குழு. மலையில் டிரான்ஸ்பாண்டர் இல்லை. டிசிஏஎஸ் அதைக் கண்டறியாது. தரையும் மலையும் நெருங்குவதைச் சொல்லப் பயணிகள் விமானங்களில் தனியாக இன்னொரு எச்சரிக்கைக் கருவி உண்டு.