எண்ணப்படாத விருந்தினர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை என்ன என்று கேட்டால், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் புரட்டி 7,35,394 என்று சொல்லிவிடலாம். 2001இல் அது 7,62,141. பத்தே ஆண்டுகளில் இருபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் குறைந்திருக்கிறார்கள். கோவைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனவர்களில் எங்கள் லைனைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஆனால், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் நடுவட்டம் கடைவீதியைக் கடக்க நின்ற எவரிடமாவது, இம்மாவட்டத்தில் ஆள் குறைந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள், நகைப்பார்கள்!

இரண்டும் உண்மையே. கணக்கெடுப்போர் வருவது பிப்ரவரியில். சீசன் தொடங்குவது ஏப்ரலில். அடுத்த கணக்கெடுப்புக்கும் 2027 மார்ச் 1 என்றே நாள் குறித்தார்கள். பனி மூடும் இமயப் பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1 என்று விலக்கு அளித்தார்கள். நாளை மாற்றினாலும் நமக்குப் பயனில்லை. பயணியை அவருடைய ஊர்க் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அதுவே முறையும் ஆகும். ஆனால் அவர் குடிக்கும் தண்ணீர் யாருடைய கணக்கு?

எங்கள் ஊர் ஒரு பேரூராட்சி. உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் இருக்கிறது. மைசூரிலிருந்தும், வயநாட்டிலிருந்தும், நிலம்பூரிலிருந்தும் கூடலூர் வழியாக உதகைக்கு ஏறுவோர் எங்களைக் கடந்தே ஆக வேண்டும். 2018இல் நடந்த ஒரு கொடிய விபத்துக்குப் பின் கல்லட்டி இறக்கத்தில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, அந்தக் கூட்டமும் எங்கள் பக்கம் திரும்பியது. மலர்க் கண்காட்சி உதகையில். படகுத் துறை பைக்காராவில். வண்டி நிற்கும் இடமோ நடுவட்டத்தில்!

சென்ற கோடையில் ஒரு வேனிலிருந்து இறங்கிய பெண்கள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ‘அக்கா, பாத்ரூம் இருக்கா?’ என்று கூச்சத்துடன் கேட்டார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி, வயதான அம்மாள் ஒருவர். என் தாய் மறுக்கவில்லை. அன்று குழாயில் தண்ணீர் வராத நாள். சேர்த்து வைத்திருந்த நான்கு குடத்தில் மூன்று தீர்ந்தது. அந்தப் பெண்கள்மேல் என்ன குற்றம்? அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

வருகிறவர்களை வெறுத்து நான் எழுதவில்லை. வேகவைத்த சோளம் விற்கும் எங்கள் பக்கத்து வீட்டு அத்தைக்கு அந்த இரண்டு மாதந்தான் ஆண்டு வருமானம். வண்டி வராவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு மங்கும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தாய்க்குத் தெரிந்த கணக்கு கொழுந்துக் கணக்கு ஒன்றே. பறித்ததை அன்றன்றே எடை போட்டு எழுதிவிடுவார்கள். 1860களில் எங்கள் ஊர்ச் சின்கோனாத் தோட்டத்தில் வேலை வாங்கச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து சிறை வைத்தார்கள். அவர்களையும் தலை எண்ணாமல் கதவைப் பூட்டியிருக்க மாட்டார்கள். இலைக்கும் கைதிக்கும் கணக்கு இருந்த ஊரில் விருந்தினருக்கு மட்டும் கணக்கு இல்லாமல் இருந்தது.

இப்போது அதுவும் வந்துவிட்டது என்பதே நான் சொல்ல வந்த செய்தி. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் விதித்தார்கள். வண்டிக்கு நால்வர் என்று என் கணக்குக்கு வைத்துக்கொண்டாலும் ஒரு சனிக்கிழமையில் 32,000 பேர்! உதகை நகராட்சியின் மக்கள்தொகையே 2011இல் 88,430தான். மலை தாங்குமா என்று பார்ப்பதற்காக இந்த எண்ணிக்கை எடுக்கப்படுகிறது. மிக நன்று. அதே எண்ணை வைத்து, வழியிலுள்ள ஊர் தாங்குமா என்றும் பார்க்கலாம் அன்றோ?

பிரான்சு நாட்டில் ஊராட்சிகளுக்கு அரசு மானியம் பகிரும்போது, குடியிருப்போருடன் விடுமுறைக்கு மட்டும் வந்து தங்கும் வீடு ஒவ்வொன்றையும் ஓர் ஆளாகச் சேர்த்து எண்ணுகிறார்கள். எங்கள் பேரூராட்சிக்கு வீடு கட்டி வருவோர் குறைவு. வண்டியில் கடப்போரே மிகுதி. ஆகவே மானியக் கணக்கில் இ-பாஸ் எண்ணிக்கையில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் சாலையோரம் தண்ணீருடன் கூடிய கழிப்பிடம், ஒரு பெரிய குடிநீர்த் தொட்டி, சீசனுக்குக் கூடுதல் துப்புரவுப் பணியாளர், வார இறுதியில் ஊரிலேயே நிற்கும் ஓர் ஆம்புலன்ஸ். உதகையோ கூடலூரோ, பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த நெரிசலில்தான் போயாக வேண்டும்.

‘இரண்டு மாதக் கூட்டத்துக்காகக் கட்டிவிட்டுப் பத்து மாதம் பூட்டி வைப்பதா?’ என்று வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். பூட்ட வேண்டாமே! தென்மேற்குப் பருவக்காற்று முதலில் வந்து மோதும் மேட்டில் இருக்கிறது எங்கள் ஊர். ஜூலை மழையில், கொழுந்து எடுத்துவிட்டு ஈரப் புடவையோடு உதகைப் பேருந்துக்கு ஒரு மணி நேரம் நிற்கும் பெண்களிடம் அவர் வந்து கேட்கட்டும்.