சிதைவு வேறு, அரிப்பு வேறு

பாறைகளைப் பற்றிய பாடங்களைத் தமிழாக்கும்போது இரு கருத்துகள் ஒன்றோடொன்று மயங்குவதைப் பலமுறை காண்கிறோம். பாறை இருந்த இடத்திலேயே தளர்ந்து உதிர்வது சிதைவு. உதிர்ந்ததை நீரும் காற்றும் வேறிடத்திற்குக் கொண்டு செல்வது அரிப்பு. இவ்விரண்டையும் 'தேய்வு' என்னும் ஒரே சொல்லில் அடக்குவது சிறு பிழையன்று. முன்னது மண்ணை ஆக்குகிறது. பின்னது அதனை அகற்றுகிறது.

சிதைவின் விளைவு பாறைக்கேற்ப மாறும். கிரானைட்டிலுள்ள பெல்ஸ்பார், கரியமில வாயு கலந்த மழைநீரால் நாளடைவில் களிமண்ணாகிறது. குவார்ட்ஸ் மாறாது மணலாக எஞ்சுகிறது. சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாகப் பரவிய தக்காணத்துப் பசால்ட்டில் குவார்ட்ஸ் பெரும்பாலும் இல்லை. ஆதலின் அது ஈரம் பட்டால் உப்பும் களியாகச் சிதைந்து, கரிசல் நிலத்தைத் தந்தது.

கேரளத்து அங்காடிப்புறம் இதற்கு மேலும் சிறந்த சான்று. அங்குள்ள செம்புரைக்கல்லுக்கு, செங்கல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைக்கொண்டு, 'லாட்டரைட்' என்ற பெயரை 1807இல் வெளியான தம் நூலில் சூட்டியவர் பிரான்சிஸ் புக்கானன். வெப்பமும் மிகுமழையும் மூலப்பாறையின் சுண்ணாம்பையும் சிலிக்காவையும் கரைத்துவிட, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அவ்விடத்திலேயே தங்கின. வெட்டும்போது மென்மையாயிருந்து, காற்றுப்பட்டதும் இறுகும் இக்கல்லால் வீடுகளே எழும்புகின்றன. சிதைவு என்பது வெறும் அழிவு எனக் கற்ற மாணவனுக்கு இது எவ்வாறு விளங்கும்?

இயற்கையில் இரண்டும் சேர்ந்தே நிகழ்கின்றன. இரு சொற்கள் எதற்கு எனச் சிலர் கேட்கலாம். சேர்ந்து நிகழ்வதனாலேயே பிரித்தறிதல் வேண்டும். சரிவில் இடும் வரப்பு அரிப்பைத் தடுக்கும். சிதைவைத் தடுக்காது, தடுக்கவும் வேண்டியதில்லை. 'நிலம் தேய்ந்துள்ளது' என்று களப்பணியாளர் குறிப்பெழுதினால், அங்கு மண் உருவாகி நிற்கிறதா, அன்றி இழக்கப்பட்டதா என்பதை மேலலுவலர் எங்ஙனம் அறிவார்? ஓரங்குல மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் செல்லலாம். அதனை இழக்கச் சில பெருமழைகள் போதும்.

ஆகவே ஆசிரியர்கள் வரையறையை மனப்பாடம் செய்விப்பதற்கு முன், அண்மையில் தோண்டிய கிணற்றினை மாணவர்க்குக் காட்டுவாராக. அடியில் உறுதியான பாறை, நடுவில் கையால் நொறுங்கும் கல், மேலே மண்: இது சிதைவு. மழை பெய்த மறுநாள் ஓடையில் செல்லும் கலங்கல் நீரையும் காட்டுவாராக: அது அரிப்பு.