பேரும் அரைப் பேரும்

வணிகக் கணிதம் பயில வரும் மாணவர்க்கு நான் முதல் நாளில் இடும் கணக்கு மிகச் சிறியது. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? சிலர் தயங்காது 2/5 என எழுதிவிடுகின்றனர். மேலுள்ள எண்களையும் கீழுள்ள எண்களையும் தனித்தனியே கூட்டியதன் விளைவு இது. அரையோடு ஒன்றைச் சேர்த்த பின்னர் அரையிலும் குறைந்த விடை வருமோ? விடையை ஒருமுறை உற்று நோக்கியிருந்தால் பிழை தானே வெளிப்பட்டிருக்கும்.

முழுமை எத்தனை சம பங்குகளாயிற்று என்பதைக் கீழுள்ள பகுதியெண் கூறும்; அவற்றுள் எத்தனையை எடுத்தோம் என்பதை மேலுள்ள தொகுதியெண் கூறும். பங்குகள் ஒரே அளவினவாய் இருந்தாலன்றிக் கூட்டல் இயலாது. இவ்வுண்மையை நம் முன்னோர் ஒரு சொல்லிலேயே அடக்கினர். மா என்பது 1/20. காணி என்பது 1/80. மாவைக் காணியாக மாற்றினால் 4/80. அதனோடு ஒரு காணி சேர்ந்தால் 5/80, அதாவது 1/16. அதன் பெயரே மாகாணி! அவ்வாறே அரை 3/6 ஆகும். மூன்றில் ஒன்று 2/6 ஆகும். இரண்டும் கூடினால் 5/6.

இந்த விடையோடு திம்புள்ளப் பகுதியின் கொழுந்து மடுவம் ஒன்றிற்குச் செல்வோம். அங்கு ஒரு நாளில் 18 கிலோ பறித்தால் முழுப் பேர் எனக் கொள்வோம். மழையில் நனைந்து ஒரு தாய் 15 கிலோ கொண்டு வருகிறாள். 15/18 ஐ மூன்றால் சுருக்கினால் 5/6. ஆனால், குறித்த நிறையை எட்டாதவர்க்கு அரைப் பேர் போடும் வழக்கத்தை மலையகம் நன்கறியும். 5/6 வேலைக்கு 3/6 கூலி. எஞ்சிய 2/6, அதாவது மூன்றில் ஒரு பங்கு, சம்பளத்தில் ஏறுவதில்லை. நாட்கூலி 1,350 ரூபா எனின் அது 450 ரூபா. கொழுந்தோ 15 கிலோவும் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறது. இவ்வழக்கம் முறையோ என்பது ஒரு வழக்கு. இழப்பு எவ்வளவு என்று சொல்லத் தெரியாதவன் அவ்வழக்கைத் தொடங்கவும் இயலாது.

பின்னத்தில் மறக்கலாகாதது இன்னும் ஒன்றுண்டு: எதன் பங்கு என்பது. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 சதவீதமும், தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்துதல் வேண்டும். இவை முறையே 2/25, 3/25. இரண்டும் ஒரே சம்பளத்தின் பங்குகள் ஆதலின் தயங்காது கூட்டலாம்: 5/25, அதாவது 1/5. மேற்கூறிய 1,350 ரூபாவிற்கு 108 ரூபாவும் 162 ரூபாவும் சேர்ந்து 270 ரூபா. இவற்றுள் 108 ரூபா மட்டுமே தொழிலாளியின் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட வேண்டியது. 162 ரூபா தொழில்தருநர் தம் பணத்திலிருந்து இடவேண்டியது.

மாணவர்களே! இவ்வாரம் உங்களுக்குப் பயிற்சிப் புத்தகம் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள சம்பளச் சீட்டை எடுத்து அம்மாவின் அருகில் அமருங்கள். எத்தனை பேர், எத்தனை அரைப் பேர், நிதிக்குச் சேர்ந்தது சம்பளத்தில் ஐந்தில் ஒன்றுதானா என்று பாருங்கள். விடை சரியாயின் மகிழ்ச்சி. சரியில்லையாயின், எங்கே குறைந்தது என்று கேட்க உங்களால் இயலும்.