குமிழ் யாருக்குச் சொந்தம்?

இந்தக் கிழமை எபிசோட்டில் யூஎஸ்பி-சி பற்றித்தான் கூடக் கதைச்சனாங்கள். 2024 டிசம்பர் 28இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய ஃபோன்களுக்கு, சார்ஜ் பண்ண அந்த ஒரே துளைதான் எண்டு சட்டம். அதே கதைக்கு இன்னும் நல்ல உதாரணம் ஒன்று என்ர மேசையில நிக்குது. ஒரு ஹொட் வீல்ஸ் கார். அதுக்குள்ள ஒரு லெகோ ஆள் குந்தியிருக்கிறார்.

சிரிக்காதேங்கோ. சாதாரண ஹொட் வீல்ஸ் கார் ஏறத்தாழ 1:64 அளவு. நீளம் ஏழு சென்ரிமீற்றர் வரும். அந்தக் கணக்கில் ஒரு மனிசர் மூன்று சென்ரிமீற்றருக்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். லெகோ ஆளோ நாலு சென்ரிமீற்றர், அதுவும் நல்ல அகலம். நிஜக் காரின் சின்ன நகலுக்குள் அவரை ஏத்தவே ஏலாது. அதனால் ஹொட் வீல்ஸைச் செய்யும் மட்டெல் கொம்பனி அவர் ஏறக்கூடிய மாதிரியே சில கார்களை வடிவமைத்தது. 'பிரிக்கிங் டிரெயில்ஸ்' அதில் ஒன்று. இருக்கை அவருடைய இடுப்பளவுக்குச் செய்தது. கட்டை பொருத்தக் குமிழ்களும் உண்டு. ஆனால் மட்டையில் லெகோ எண்ட பேர் கிடையாது. 'பிரிக்' எண்ட சொல்லோட ஒரு கண்ணடிப்பு மட்டும்.

போட்டிக் கொம்பனியின் ஆளுக்கு இருக்கை செய்து விற்கலாமா? விற்கலாம். லெகோக் கட்டையின் குமிழ், டெனிஷ்காரர் 'க்னொப்' எண்டு சொல்லுறது, இப்ப யாருக்கும் சொந்தமில்லை. விட்டம் 4.8 மில்லிமீற்றர், ஒரு குமிழிலிருந்து அடுத்ததுக்கு 8 மில்லிமீற்றர். அந்த அளவை வைத்து யாரும் எதையும் செய்யலாம்.

அது சும்மா கிடைக்கவில்லை. கொட்ஃபிறெட் கிர்க் கிறிஸ்டியான்சன் 1958 ஜனவரி 28ஆம் திகதி கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். காப்புரிமை எண்டால் ஒரு நாள் முடியும். முடிந்த பிறகு லெகோ வேறு வழி பார்த்தது: கட்டையின் வடிவத்தையே வர்த்தகச் சின்னமாகப் பதிந்தது. வர்த்தகச் சின்னத்துக்கு முடிவில்லை, புதுப்பித்துக்கொண்டே போகலாம். கனடாவின் மெகா பிராண்ட்ஸ் அதை எதிர்த்தது. 2010 செப்டெம்பர் 14இல் ஐரோப்பிய நீதிமன்றம், கட்டையின் வடிவம் பொருந்துகிற வேலைக்காகவே இருக்கிறது, அதை ஒருவர் நிரந்தரமாகப் பூட்டி வைக்க முடியாது எண்டு தீர்த்தது. அந்த மெகாவை 2014இல் வாங்கியது யார் தெரியுமோ? மட்டெல்தான். 2025இல் அதே மட்டெல் 'பிரிக் ஷொப்' எண்டு, உலோகத் துண்டுகளும் சேர்ந்த ஹொட் வீல்ஸ் கட்டைச் செட்டுகளையே விற்கத் தொடங்கிவிட்டது.

இங்க புரொண்பியில் இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும். லெகோ எண்டால் டென்மார்க்கின் பெருமை, அதைக் கொப்பி அடிக்கலாமா எண்டு கேட்பார்கள். எங்கட ஆக்களும் கேட்பார்கள், இன்னும் சத்தமா. ஆனால் லெகோவின் முதல் கட்டை எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் எண்டவர் கிடிகிராஃப்ட் எண்ட பேரில் செய்த கட்டையைப் பார்த்துத்தான் 1949இல் லெகோ தன்ர கட்டையை வெளியிட்டது. கிடிகிராஃப்டின் உரிமையை 1981இல்தான் வாங்கியது. உள்ளே குழாய் வைத்துக் கட்டைகளை இறுகப் பிடிக்க வைத்தது லெகோவின் சொந்த மூளை, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் இன்னொருவரின் குமிழில் ஏறி நின்றுதான் அந்த மூளை வேலை செய்தது.

ஆளின் கதை வேறு. 1978இல் பிறந்த அந்த மஞ்சள் முகத்தார் இன்னும் லெகோவின் சின்னம். பெஸ்ட்-லொக் எண்ட கொம்பனி எதிர்த்துப் பார்த்தது. 2015 ஜூன் 16இல் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் லெகோவின் பக்கம் நின்றது. காலிலுள்ள ஓட்டைகளுக்குத் தொழில்நுட்ப வேலை ஏதும் உண்டா எண்டு பதிவிலுள்ள படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது எண்ட மாதிரி ஒரு காரணமும் அதில் வருகிறது. எனக்கு இது விளங்கவேயில்லை. பின்தொடையில் ரெண்டு ஓட்டை எதுக்கு? குமிழில் இருக்கிறதுக்கு. எந்த ஐந்து வயசுப் பிள்ளையும் சொல்லும். தலை, உடம்பு, அந்த வளைந்த கை எல்லாம் லெகோவின் முகம், அதை அவர்கள் வைத்திருக்கட்டும். ஓட்டை பொதுச்சொத்து எண்டு தெளிவாக எழுதியிருக்கலாம்.

இதால் லெகோவுக்கு என்ன நட்டம் எண்டு யோசித்தால், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மலிவான உலோகக் கார் ஒன்று வீட்டுக்குள்ள வந்தால் அதை ஓட்ட ஒரு ஆள் வேணும். அந்த ஆள் லெகோவிட்டத்தான் இருக்கு. லெகோவே 1950களில் தன்ர நகரச் செட்டுகளோடு, கட்டத் தேவையில்லாத சின்னக் கார்களை விற்றதுதானே. கோப்பன்ஹேகனில் டெக்னோ எண்ட கொம்பனி அந்தக் காலத்தில் அருமையான உலோகக் கார்கள் செய்தது. அவையும் லெகோவும் ஒரே பிள்ளையின் ஒரே தரையில்தான் கலந்து கிடந்திருக்கும்.

எனக்குக் கோபம் வாறது வேற இடத்தில. இந்தக் கார்களையும் சேகரிப்பாளர்கள் மட்டையோட, பிரிக்காமல், சுவரில் மாட்டுறார்கள். இங்க ஒரு லொப்பமார்க்கெட்டில் ஒன்றைக் கண்டன். விலை கேட்டால், "பிரிக்காதது" எண்டு சொல்லி மூன்று மடங்கு. மற்றக் கார்களை அப்படி வைக்கிறது அவரவர் விருப்பம், காசு போட்டவை பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் இன்னொரு கொம்பனியின் ஆள் வந்து இருக்க வேணும் எண்டே இருக்கை விட்டுச் செய்த காரை மூடி வைக்கிறது, கேபிளே செருகாத யூஎஸ்பித் துளை மாதிரி. நான் பேரம் பேசி வாங்கி, அந்தாளின்ர கண்ணுக்கு முன்னாலேயே மட்டையைக் கிழிச்சன்.

இப்ப அதில இருக்கிறவர் பழைய விண்வெளி வீரர் ஒருவர், ஹெல்மெட் நாடியில வெடிச்சது. உங்கட வீட்டுக் கெல்டரில கிடக்கிற லெகோப் பெட்டியையும் ஒருக்காக் கிண்டிப் பாருங்கோ. ஆர் எந்தக் காருக்குள்ள ஏறுறார் எண்டு படம் அனுப்பினால் அடுத்த கிழமை இதில போடுறம்.