கையெழுத்து மட்டும் போதாது

2004 டிசம்பர் 26 காலை தேவனாம்பட்டினத்தையும் கிள்ளைப் பக்கத்துத் திட்டுகளையும் சுனாமி புரட்டிப் போட்டது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரிசி, பாய், பாத்திரத்தோடு முகாம்களுக்கு ஆறுதல் சொல்லவும் ஆட்கள் வந்தார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மனநல நிறுவனங்கள் தமிழகக் கரையோரத்துத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தன. கையில் பிடித்திருந்த பிள்ளையை அலை பிடுங்கிக்கொண்டு போனதைத் தாய் சொல்லச் சொல்ல எதிரே உட்கார்ந்து கேட்டவர்களில் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் அன்று ராத்திரி தூங்கினார்களா என்று யார் கேட்டது?

பிறர் துயரத்தைத் தொடர்ந்து கேட்பவரின் மனமும் காயப்படும் என்பதை மெக்கேன், பேர்ல்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1990-இல் விரிவாக எழுதினார்கள். இது வெறும் அலுப்பு அல்ல. லீவு போட்டால் சரியாகிவிடாது. உலகத்தின் மேல் இருந்த நம்பிக்கையே ஆட்டம் கண்டுவிடுகிறது.

இன்று சைக்காலஜி படிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரில் பயிற்சி, சிதம்பரத்தில் வீடு. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் வாக்குமூலத்தை மத்தியானம் கேட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் ஏறுகிறாள். பக்கத்து சீட்டில் ஒரு குழந்தையை மடியில் வைத்திருப்பவரைப் பார்த்ததும், இவர் அப்பாதானா என்று சந்தேகம் வருகிறது. வீட்டில் தங்கையைக் கடைக்கு அனுப்ப மறுக்கிறாள். காரணம் கேட்டால் சொல்ல முடியாது. நோயாளியின் ரகசியம் காக்க வேண்டும். அவளுடைய கேஸ் ரெக்கார்டில் பெயர், வயது, பிரச்சினை, குடும்ப வரலாறு எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. மாதக் கடைசியில் மேடம் கையெழுத்துப் போடுவார். பல இடங்களில் அந்தக் கையெழுத்துக்குத்தான் மேற்பார்வை என்று பெயர்.

மருத்துவ உளவியல் தொழில்முறைப் படிப்பில் மேற்பார்வை கட்டாயம். ஆனால் இளங்கலையிலும் முதுகலையிலும் ஒரு மாத இன்டர்ன்ஷிப் போகிறவர்களும் அதே கதைகளைத்தான் கேட்கிறார்கள்.

லண்டனில் மைக்கேல் பாலிண்ட் 1950-களிலேயே டாக்டர்களை வட்டமாக உட்கார வைத்தார். நோயாளியைப் பற்றி மட்டுமல்ல, அவரைப் பார்த்தபோது தங்களுக்குள் என்ன நடந்தது என்றும் பேச வைத்தார். நம் கல்லூரிகளிலும் இதைச் செய்யப் பெரிய செலவு இல்லை. வாரம் ஒரு மணி நேரம், ஒரு வகுப்பறை, "அந்தக் குழந்தை பேசினப்ப உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்க ஒரு ஆசிரியர். அந்தப் பேச்சுக்கு மார்க் போடக் கூடாது. போட்டால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. தன் வீட்டிலேயே தற்கொலையைப் பார்த்த மாணவனுக்கு முதல் கேஸாக அதையே கொடுக்கவும் கூடாது. "இந்தக் கேஸ் என்னால முடியல மேடம்" என்று சொல்கிறவனைக் கோழை என்று நினைக்கவும் கூடாது.

துறைத்தலைவர்களே, அடுத்த பேட்ச் பயிற்சிக்குக் கிளம்பும் முன் இந்த ஒரு மணி நேரத்தை டைம்டேபிளில் போட்டுவிடுங்கள். பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளே, அதுவரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 கட்டணம் இல்லாதது, 24 மணி நேரமும் இயங்குகிறது. அங்கே நீங்களும் பேசலாம்.